குடித்தொகைப் பெருக்கமும் காலநிலை மாற்றமும்: வங்காளதேசம் தரும் படிப்பினை

1974 ஆம் ஆண்டளவில் 400 கோடியாக இருந்த உலகக் குடித்தொகை 2022 நவெம்பரில் 800 கோடியை எட்டியதென ஐக்கிய நாடுகள் தாபனம் கணித்தது. இதே காலப்பகுதியில் வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டும் விரைந்து பெருகியது. இவ்விரு பெருக்கங்களும் ஒருங்கே நிகழ்ந்தமையால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்னும் முடிவு பலராலும் எளிதில் ஏற்கப்படுகின்றது. குடித்தொகை உணவு உற்பத்தியை விஞ்சிப் பெருகும் என 1798 இல் தோமஸ் மால்தஸ் முன்வைத்த வாதம் இன்று காலநிலையின் பெயரால் மீண்டும் உயிர்பெறுகின்றது. அது எத்துணை பொருத்தமானது என்பதை வங்காளதேசத்தின் அனுபவங்கொண்டு நோக்குவோம்.

வங்காளதேசம் விடுதலை பெற்ற 1971 இல் அங்கு ஏறத்தாழ ஏழு கோடி மக்கள் வாழ்ந்தனர். இன்று அத்தொகை 17 கோடியளவினது. ஒரு சதுர கிலோமீற்றரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் இந்நாடு குடித்தொகை நெருக்கடிக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்படுவது. எனினும் இரண்டு உண்மைகளை நாம் மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, 1970களின் தொடக்கத்தில் அங்கு ஒரு பெண் சராசரியாக ஆறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றார். இன்று அது ஏறத்தாழ இரண்டாகக் குறைந்துள்ளது. இரண்டாவது, தலைக்கு ஆண்டுதோறும் அந்நாடு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னிலும் குறைவு. ஐக்கிய அமெரிக்காவில் அது 14 தொன் அளவினது. பிறப்பு வீதம் வீழ்ந்த இதே காலத்தில் வங்காளதேசக் கரையோரத்தைச் சூழ்ந்த ஆபத்து வளர்ந்தே வந்துள்ளது. ஆகவே அதன் தோற்றுவாயை வேறிடத்தில் தேடவேண்டியவர்களாகின்றோம்.

தென்மேற்குக் கரையோர மாவட்டங்களான குல்னா, சத்கீரா ஆகியவற்றில் உலகச் சந்தையின் தாக்கமும் காலநிலையின் தாக்கமும் ஒருங்கே புலப்படுகின்றன. கடல்நீரைத் தடுத்து நெல் விளைவிக்கும் நோக்குடன் 1960களில் இங்கு மண்ணணைகள் கட்டப்பட்டன. 1980கள் தொட்டு வெளிநாட்டுச் சந்தைகளை நோக்கிய இறால் வளர்ப்புப் பரவியது. இறாலுக்கு உவர்நீர் வேண்டும். எனவே உவர்நீரைத் தடுக்கக் கட்டிய அணைகளே அதனை உள்ளே விடுவதற்காகத் துளைக்கப்பட்டன. நெல்வயல்கள் உவர்நிலமாயின. நெற்செய்கைக்கு வேண்டிய அளவு உழைப்பு இறாற்பண்ணைக்குத் தேவைப்படாமையால் வாரக்குடியானவரும் கூலியாட்களும் தொழிலிழந்தனர். 2009 மே மாதத்தில் ஐலா சூறாவளி வீசியபோது, நலிந்திருந்த அணைகள் பல இடங்களில் உடைந்தன. உயரும் கடல்மட்டம் இவ்வுவர்ப்பை மேலும் உள்நாட்டுக்குத் தள்ளுகின்றது.

வாழ்வாதாரம் இழந்தோரிற் பலர் தாக்கா போன்ற நகரங்களை நாடுகின்றனர். அங்கே அவர்களை எதிர்கொள்வதும் உலகச் சந்தையே. நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைக் கைத்தொழிலினால் வருவது. 2013 ஏப்பிரல் 24 இல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டமை, அத்தொழிலாளர் உழைக்கும் சூழலை உலகுக்குக் காட்டிற்று. தைக்கப்படும் ஆடைகளை மேலைநாட்டினர் அணிகின்றனர்; அவற்றைத் தைக்க எரித்த எரிபொருளின் புகையோ, நாட்டெல்லையை அடிப்படையாகக் கொண்ட கணக்கீட்டு முறையின்படி, வங்காளதேசத்தின் பெயரில் எழுதப்படுகின்றது. உலகமயமாக்கம் பண்டங்களை மட்டுமன்றிப் பழியையும் இடம்மாற்றுகின்றது.

குடித்தொகை ஒரு பொருட்டன்று என்பது நமது வாதமன்று. மக்கள் நெருங்கி வாழுமிடத்தில் அனர்த்தத்துக்கு ஆளாவோர் தொகை மிகும். ஆனால் அத்தொகை தானாகவே அழிவைத் தீர்மானிப்பதில்லை. 1970 நவெம்பரில் வீசிய சூறாவளியில் மூன்று இலட்சம் அளவினர் இறந்தனர். குடித்தொகை இருமடங்கான பின்னர், 2007 இல் வீசிய சித்ர் சூறாவளியில் இறந்தோர் சில ஆயிரவரே. இரு புயல்களும் எல்லா வகையிலும் ஒத்தனவல்ல. எனினும் முன்னெச்சரிக்கையும் புகலிடங்களும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் இவ்வேறுபாட்டிற் பெரும்பங்கு வகித்தமை மறுக்கற்பாலதன்று.

புயலிலிருந்து உயிரைக் காக்க வறிய நாடொன்றினாலும் இயன்றுள்ளது. உவர்ப்பேறிய நிலத்தை மீட்பதும் உயரும் கடலைத் தடுப்பதும் அதன் வலுவுக்கு அப்பாற்பட்டவை. வளர்முக நாடுகளுக்கென 2020 அளவில் ஆண்டுதோறும் 10,000 கோடி டொலர் திரட்டப்படும் எனச் செல்வந்த நாடுகள் 2009 இல் கோப்பன்கேகனில் அளித்த வாக்குறுதி உரிய காலத்தில் நிறைவேறவில்லை. இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றை அமைக்கவும் 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காலநிலைக்கான பொறுப்பைத் தலைகளின் எண்ணிக்கை கொண்டு பங்கிடும்வரை, குறைவாக நுகர்ந்தோரே கூடுதலாக இழப்பர். எவர் எவ்வளவு நுகர்கின்றனர், எவர் இலாபம் பெறுகின்றனர் என்னும் வினாக்களிலிருந்தே இப்பொறுப்பினை அளவிடத் தொடங்குதல் வேண்டும்.