பனியனில் துவாரம் எத்தனை?

திருப்பூர்ப் பனியன் ஒன்றைக் கையில் எடுத்து, அதில் துவாரங்கள் எத்தனை என்று வீட்டுக் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். கழுத்துக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று, ஆக நான்கு என்பார்கள். கணித சாஸ்திரிகளோ மூன்று என்கிறார்கள்! இடுப்பு வாயை நன்றாக அகட்டித் தரையில் விரித்தால், அது துணியின் வெளிவிளிம்பாகி விடுகிறது. நடுவே மிஞ்சுவன மூன்றே அல்லவா?

இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத இத்தகைய குணங்களை ஆராய்வதே இடத்தியல். 1736ல் ஆய்லர் கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாலங்களை ஆராய்ந்ததில் இதன் வித்து இருக்கிறது. 1895ல் பிரெஞ்சு மேதை பாயின்காரே இதற்குப் பலமான அஸ்திவாரம் இட்டார்.

திருப்பூர்க்காரர்களின் கவலை வேறு. பின்னல் துணி முழுவதும் கண்ணிகளே. கண்ணிதோறும் பொடித் துவாரம் உண்டு. மெஷினில் ஊசி முறிந்து விழும் ஓட்டையும் ஒரு துவாரமே. வெறுமே எண்ணுவதால் என்ன பயன்?

இத்தகைய சங்கடங்களுக்கு உதவும் கணிப்பு முறை ஒன்றை 2000ல் எடெல்ஸ்புருன்னர், லெட்ஷர், ஸோமொரோடியன் என்ற மூவர் வெளியிட்டனர். துணியின் படத்தில் நூல் சிறிது சிறிதாகப் பருப்பதாகப் பாவித்துக் கொள்வோம். கண்ணித் துவாரங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தூர்ந்து போகும். ஓட்டையோ அதன் பிறகும் வாய் திறந்தே நிற்கும். ஒவ்வொரு துவாரமும் எப்போது தோன்றிற்று, எப்போது மறைந்தது என்று கணிப்பொறி ஜாதகம் குறிக்கிறது. அற்பாயுசுகளைத் தள்ளித் தீர்க்காயுசைக் கவனித்தால் போதும். உள்ளே நடப்பது 0, 1 என்ற இரண்டே எண்களாலான பட்டியலில், ஒன்றும் ஒன்றும் பூஜ்யம் என்ற விதிப்படி நடக்கும் கூட்டல்தான். பட்டியல் பெருத்தால்தான் தொல்லை. அதற்கென்றே உல்ரிக் பௌவர் இயற்றிய ‘ரிப்ஸர்’ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

உணர்கருவிகளின் காவலில் இடைவெளி உண்டா என்று காண, டி ஸில்வாவும் கிரிஸ்டும் 2007ல் இம்முறையைக் கையாண்டனர். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் வலைப்பின்னல்களை இவ்விதம் ஆராய்ந்து 2019ல் கட்டுரை வெளியிட்டனர்.

ஓர் ஓட்டை சாயம், வெட்டு, தையல் எல்லாம் கடந்து கடைசியில் அகப்பட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். சிறியதை விடுத்துப் பெரியதைப் பிடிக்கும் விவேகம் துணி பரிசோதிப்போரின் கண்ணுக்கு உண்டு. ஆனால் நாள் முழுதும் பார்த்த கண் அயராதா? நம் பிள்ளைகள் இக்கணிதத்தைக் கற்றுப் பிரயோகித்துப் பார்க்கத் திருப்பூரைவிடத் தகுந்த பரிசோதனைச்சாலை வேறெங்கே இருக்கிறது?