உயர்ந்து ஒடுங்கிய டயர் எந்நிலத்திற்கு ஏற்றது?

புனே மாவட்டத்தின் மேற்கே, சஃயாத்ரி மலைச் சாரலில், மாவல், முள்ஷி வட்டங்கள் உள்ளன. அங்குத் தென்மேற்குப் பருவமழை மிகுதி. கிழக்கே பாராமதி, இந்தாப்பூர் வட்டங்கள் மழை மறைவுப் பகுதியைச் சார்ந்தவை. அங்கு ஆழமான கரிசல் மண் பல இடங்களில் காணப்படுகிறது. விதையும் உரமும் ஏற்றிச் செல்லும் பிக்-அப் வண்டி ஒரே வாரத்தில் இவ்விரு நிலங்களிலும் ஓட நேரிடலாம். விதைப்புக் காலத்தில் வண்டி சேற்றில் புதைந்தால் பருவமே தவறிவிடக்கூடும். ஆகவே டயரின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல் சிறிய செய்தி அன்று.

தரையைத் தொடும் பரப்பு

அகன்ற டயர் தரையை மிகுதியாகப் பற்றும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில், தொடும் பரப்பைப் பெரும்பாலும் உறுதி செய்வன சுமையும் காற்றழுத்தமுமே. ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோகிராம் சுமையும், டயரினுள் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தமும் இருப்பின், தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் ஆகும். தொடும் பகுதியின் அகலம் 20 சென்டிமீட்டரானால் நீளம் 10. அகலம் 16 ஆனால் நீளம் 12.5. பரப்பு மாறுவதில்லை; அதன் வடிவமே மாறுகிறது.

உயரமும் அகலமும்

உயரம், ஒடுக்கம் ஆகிய இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். பழைய மரச்சக்கர மாட்டுவண்டி இதற்கு நல்ல சான்று. சக்கரம் உயர்ந்திருந்தமையால் கல்லையும் பள்ளத்தையும் எளிதில் கடந்தது. ஆனால் அதன் ஒடுங்கிய இரும்புப் பட்டை ஈரநிலத்தை அறுத்து ஆழ்ந்தது. உயரம் பெரும்பாலும் நன்மையே தரும். ஒடுக்கத்தின் பயன் நிலத்தைப் பொறுத்தது.

மேலே சேறும் சிறிது ஆழத்தில் இறுகிய முரம்பும் உள்ள பாதையில், ஒடுங்கிய டயர் சேற்றைப் பிளந்து கெட்டித் தரையை அடைகிறது. அது ஒதுக்கித் தள்ள வேண்டிய சேறும் குறைவு. நீர் தேங்கிய தார்ச்சாலையிலும், நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிச் செல்லும் இடர் அதற்குக் குறைவே. ஆழ்ந்த கரிசலிலோ இறங்க இறங்க உறுதியான அடித்தளம் கிட்டாது. ஆங்கு அகன்ற டயரும் குறைந்த காற்றழுத்தமுமே வண்டியை மிதக்கச் செய்வன. இவ்வாறு காற்றைக் குறைத்தவர் மெல்லச் செல்லுதல் வேண்டும்; சாலையை அடைந்ததும் மீண்டும் நிரப்புதல் வேண்டும். இன்றேல் டயர் சூடேறி வெடிக்கும்.

அளவுக் குறியீடு

235/85 ஆர் 16 என்பதில் 235 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 85 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு; 16 என்பது அங்குலத்தில் விளிம்பின் விட்டம். இதன் மொத்த விட்டம் 806 மில்லிமீட்டர். 265/75 ஆர் 16 டயரின் விட்டம் 804. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். அகலமோ 30 மில்லிமீட்டர் வேறுபடுகிறது.

பழையதினும் உயர்ந்த டயரை மாட்டினால் வேகமானி குறைத்துக் காட்டும். விட்டம் 5 விழுக்காடு மிகுந்தால், முன்பு சரியாகக் காட்டிய மானி 60 எனக் காட்டும்போது வண்டி 63 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். பிரேக்கின் உழைப்பும் மிகும்; வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். எனவே தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்கும் அளவுகளுக்குள்ளேயே தேர்வு அமைதல் வேண்டும். பக்கச்சுவரில் குறித்துள்ள சுமைக் குறியீட்டு எண் பழையதினும் குறையலாகாது. 100 என்னும் எண் 800 கிலோகிராமைக் குறிக்கும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இதனை மிதிவண்டியைக் கொண்டே விளக்கலாம். பின்சக்கர டயரில் மை தடவி, அதன்கீழ்க் கட்டத்தாளை வைத்து, ஒருவரை வண்டியில் அமரச் செய்க. பதிந்த தடத்தின் வெளிக்கோட்டை வரைந்து, அதனுள் அமைந்த கட்டங்களை எண்ணுக. காற்றைச் சிறிது குறைத்து மீண்டும் செய்க. அழுத்தம் குறையுந்தோறும் பரப்பு பெருகுவதை மாணவர் நேரிற் காண்பர்.

களப்பணியாளர் டயர் வாங்குமுன் தம் பாதையில், மழைக்குப்பின், ஒரு கடப்பாரையை ஊன்றிப் பார்த்தல் நலம். சிறிது ஆழத்திலேயே கெட்டித் தரை தட்டுப்படின் ஒடுங்கிய டயர் உதவும். தட்டுப்படாவிடின் அகன்றதே தக்கது.