பதிவேட்டில் ஒரு வரி: இறப்புச் சான்றிதழை எங்கே, எப்படிப் பெறுவது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள் வங்கிக்குப் போகிறார்கள். அங்கே முதலில் கேட்கப்படுவது இறப்புச் சான்றிதழ். வாரிசுச் சான்று, குடும்ப ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை, பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், மின் இணைப்பின் பெயர் மாற்றம், கணவரை இழந்தோர் உதவித்தொகை என எதைத் தொட்டாலும் அந்த ஒரு தாள் இல்லாமல் வேலை நகராது.

என் பெரியப்பா ஊரில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர். கடைசி இரண்டு மாதங்கள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்து அங்கேயே கண்ணை மூடினார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். சான்றிதழுக்காக எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று முறை நடந்தோம். நான்காவது முறைதான் அவர் பொறுமையாகக் கேட்டார்: “உயிர் எங்கே பிரிஞ்சது?” அந்தக் கேள்வியை முதல் நாளே நாங்கள் எங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

சான்றிதழ் என்பது ஒரு பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு வரியின் நகல். அந்த வரி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தெரியாவிட்டால் அலைச்சல்தான். இந்தக் கட்டுரை அந்த வரியைக் கண்டுபிடிப்பதற்காக. தமிழ்நாட்டு நடைமுறையையே இங்கே சொல்கிறேன்.

உயிர் பிரிந்த இடமே பதிவு இடம்

இந்தியா முழுவதற்கும் பொதுவான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதன்படி, ஒருவர் எங்கே இறந்தாரோ அந்த எல்லைக்கு உட்பட்ட பதிவாளரிடம்தான் இறப்பு பதிவாகும். அவருடைய சொந்த ஊர், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஊர், அடக்கம் நடந்த ஊர் எதுவும் இதில் கணக்கில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கிராமத்துக்காரர் மதுரை மருத்துவமனையில் இறந்தால் பதிவு மதுரையில்தான்.

இறந்த இடத்தை வைத்து, போக வேண்டிய அலுவலகத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

கிராம ஊராட்சி எல்லையில், வீட்டிலோ வயலிலோ இறந்தால் கிராம நிர்வாக அலுவலர்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லையில் என்றால் அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்தின் பிறப்பு, இறப்புப் பிரிவு. பெரும்பாலும் சுகாதாரப் பிரிவோடு சேர்ந்தே இருக்கும். மாநகராட்சிகளில் மண்டல அலுவலகங்களில் விசாரியுங்கள்.

அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இறந்தால் பல இடங்களில் பதிவாளர் அந்த வளாகத்திலேயே இருக்கிறார். ஊருக்குக் கிளம்பும் முன் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

தனியார் மருத்துவமனை என்றால் நிர்வாகமே அந்த ஊர் உள்ளாட்சிக்குத் தகவல் அனுப்பும். உள்ளாட்சியின் பதிவேட்டில் ஏறிய பிறகு சான்றிதழ் பெறலாம்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டியிலேயே உயிர் போய்விட்டால் என்ன செய்வது? வாகனம் முதலில் நிற்கும் இடத்தின் எல்லையில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. விபத்து, தற்கொலை போன்றவற்றில் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு படியிலும் கேட்பார்கள்.

இருபத்தொரு நாள்

இறந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். வீட்டில் நடந்த இறப்பு என்றால் குடும்பத் தலைவரோ நெருங்கிய உறவினரோ தெரிவிக்கலாம். மருத்துவமனையில் என்றால் அது மருத்துவமனையின் பொறுப்பு. விடுதி, சத்திரம் என்றால் அதை நடத்துபவரின் பொறுப்பு. பொது இடத்தில் ஆதரவற்றுக் கிடக்கும் உடலுக்குக் காவல் நிலையப் பொறுப்பாளர் போன்றோர் தகவல் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. யாருமற்றவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு என்பதை அந்தச் சட்டம் மறக்கவில்லை.

இறப்புத் தகவல் படிவத்துக்கு ‘படிவம் 2’ என்று பெயர். அதோடு இறந்தவரின் ஆதார் அட்டை நகல், தகவல் தருபவரின் அடையாளச் சான்று, மயான ரசீது, சிகிச்சையில் இருந்தவர் என்றால் மருத்துவர் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உரிய காலத்துக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. தகவல் தந்தவருக்கு முதல் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டும். 2023-இல் நடந்த சட்டத் திருத்தம் இதற்கு ஏழு நாள் கெடுவும் வைத்திருக்கிறது.

இப்போது பதிவுகள் கணினியில் ஏறுவதால், குடிமைப் பதிவு முறை எனப்படும் சி.ஆர்.எஸ். இணையதளத்திலிருந்தே சான்றிதழைப் பதிவிறக்கலாம். கியூ.ஆர். குறியீடு உள்ள அந்தத் தாளை வங்கியோ அலுவலகமோ சரிபார்த்துக்கொள்ள முடியும். இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக மனம் தளர வேண்டாம். பழைய பதிவாக இருக்கலாம், அல்லது பெயரின் எழுத்து வேறாக ஏறியிருக்கலாம். நேரில் போய்க் கேளுங்கள்.

எழுத்து ஒன்று மாறினால்

என் அனுபவத்தில் பெரும்பாலான தொல்லைகள் பெயரில்தான் தொடங்குகின்றன. ஆதாரில் ‘முத்துலட்சுமி’, பத்திரத்தில் ‘முத்துலெட்சுமி அம்மாள்’, வங்கியில் ‘எம்.லட்சுமி’, ஊரில் எல்லோரும் கூப்பிட்டது ‘பெரியம்மணி’. துக்க வீட்டில் யாரோ ஒருவர் மருத்துவமனைச் சீட்டில் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதுவே பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போதே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு பெயர், இனிஷியல், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, இறந்த நாள், நிரந்தர முகவரி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதை விட்டுவிட்டால் ஐந்து மாதம் அலைய நேரலாம்.

தவறாகப் பதிவாகிவிட்டால் திருத்த வழி உண்டு. பதிவாளரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, சரியான பெயரைக் காட்டும் ஆவணங்களை இணைக்க வேண்டும். எழுத்துப்பிழை என்றால் அவர் விசாரித்துத் திருத்துவார். விவரமே மாறிப்போயிருந்தால் விஷயம் தெரிந்த, நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழி தேவைப்படும். பதிவேட்டில் பழைய வரியை யாரும் அடிக்க மாட்டார்கள். திருத்தத்தை ஓரத்தில் எழுதிப் பதிவாளர் கையொப்பமிட்டுத் தேதி போடுவார்.

காலம் கடந்துவிட்டால்

21 நாட்கள் தாண்டி 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம் செலுத்திப் பதிவாளரிடமே பதிவு செய்யலாம். 30 நாட்களுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் மேல் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும்.

ஓராண்டும் கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை தேவை. நாம் ஆர்.டி.ஓ. என்று சொல்வோமே, அவர்தான். முதலில், இறந்த இடத்துப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, அந்த ஆண்டின் பதிவேட்டில் இந்தப் பெயர் இல்லை என்பதற்கான சான்றைப் பெறுங்கள். இதற்கென்றே ‘படிவம் 10’ இருக்கிறது. பிறகு அதையும், மயான ரசீது, மருத்துவமனைச் சீட்டு, காரியப் பத்திரிகை, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் போன்ற ஆதாரங்களையும் சேர்த்துக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். விசாரணை நடந்து ஆணை வந்ததும் பதிவாளர் பதிவு செய்வார். இங்கேயும் இறந்த இடம் அடங்கிய கோட்டத்தின் அலுவலகத்துக்கே போக வேண்டும்.

தாத்தாவின் இறப்பைத் தேடுவது

பாகப்பிரிவினை, பட்டா என்று வரும்போது நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய இறப்புக்குச் சான்று கேட்பார்கள். பலர் ‘அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்’ என்று தேடாமலே விட்டுவிடுகிறார்கள். பழைய சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டிலேயே இதற்குத் தனிச் சட்டம் இருந்தது. பரம்பரைக் கிராம அதிகாரிகள் இருந்த காலத்திலும் கிராமத்தில் இறப்புகளைக் குறித்து வைத்தார்கள். எல்லாம் பதிவாகியிருக்காது என்பது உண்மை. ஆனால் தேடிப் பார்க்காமல் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கிராமங்களின் பழைய பதிவேடுகள் கிராம நிர்வாக அலுவலரிடம் நிரந்தரமாக இருப்பதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்விடுகின்றன. உங்கள் கிராமத்துக்குரிய ஏடு எந்த ஆண்டு வரை எங்கே இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமே முதலில் கேளுங்கள். வட்டமும் மாவட்டமும் இடையில் பிரிந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தென்காசி 2019-இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பழைய ஏட்டைத் தேடும்போது அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்த வட்டத்தில் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேடுவதற்கான கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. எனவே இறந்த ஆண்டை எவ்வளவு நெருக்கிச் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அதற்கான தடயம் வீட்டிலேயே இருக்கும். சுவரில் மாட்டிய படத்தின் கீழே தோற்றம், மறைவு என்று தேதி எழுதியிருக்கும். பெட்டியின் அடியில் கருமாதிப் பத்திரிகை கிடக்கும். திதி கொடுக்கும் வீடுகளில் மாதமும் பட்சமும் யாருக்காவது நினைவிருக்கும். தமிழ் ஆண்டின் பெயர் தெரிந்தால் இன்னும் எளிது. ‘குரோதி வருஷம் ஐப்பசி’ என்று பாட்டி சொன்னால் அது 1964 அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதி வரை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் 2024-ஐயும் 1964-ஐயும் குழப்பிக்கொள்ள மாட்டோம். கல்லறையில் அடக்கம் செய்பவர்களுக்குக் கல்லில் உள்ள எழுத்தும், தேவாலயத்தின் அல்லது பள்ளிவாசலின் அடக்கப் பதிவேடும் துணை.

சான்றிதழில் இருக்காத ஒன்று

உரிய கட்டணம் செலுத்தினால், பதிவேட்டில் தேடவும் நகல் கேட்கவும் எவருக்கும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த நகலில் இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிடக் கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. நோயும் முடிவும் அந்தக் குடும்பத்தின் அந்தரங்கம் என்பதால் இந்தப் பாதுகாப்பை நான் மதிக்கிறேன். காப்பீட்டு நிறுவனம் காரணம் கேட்டால், சிகிச்சை அளித்த மருத்துவர் தரும் காரணச் சான்றே அதற்கான ஆவணம். அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்று 2023 திருத்தம் சொல்கிறது. மருத்துவமனையை விட்டு வரும்போதே கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டிலும், காணாமற்போன நிலையிலும்

வளைகுடா நாட்டில் வேலைக்குப் போன இந்தியக் குடிமகன் அங்கே இறந்தால், உடல் ஊருக்கு வந்து அடக்கமானாலும் ஊர்ப் பதிவாளர் பதிய முடியாது. அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் பதிவாகி வரும் சான்றே இங்கே செல்லும். ஏழு ஆண்டுகளாகத் தகவலே இல்லாதவர் என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு பெற வேண்டும். காவல் நிலையத்தில் காணவில்லை என்று கொடுத்த புகாரின் நகல் அங்கே பெரும் துணை.

மறுத்தால் என்ன செய்வது

வாய்மொழியாக ‘முடியாது’ என்றால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதிவாளரின் முடிவை எதிர்த்து மாவட்டப் பதிவாளரிடமும், அவருடைய முடிவை எதிர்த்து மாநிலத் தலைமைப் பதிவாளரிடமும் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமையை 2023 திருத்தம் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத் துறை இயக்குநரே தலைமைப் பதிவாளர். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க எந்தத் தேவையும் இல்லை.

ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்

துக்கத்தின் முதல் நாளில் பந்தல், ஐஸ் பெட்டி, தகவல் சொல்வது என்று ஒவ்வொரு வேலையையும் யாரோ ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அதேபோல இறப்புப் பதிவையும் ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள். மருமகனோ, அண்ணன் மகளோ, அழுகைக்கு நடுவிலும் நிதானமாக எழுத்தைச் சரிபார்க்கக்கூடிய ஒருவராக இருந்தால் போதும்.

சான்றிதழ் வந்ததும் நான்கைந்து பிரதிகள் எடுத்து, அசலை வீட்டுப் பெரிய மனிதர்களிடம் கொடுக்காமல், கணவரை இழந்தவர் கையிலேயே கொடுங்கள். எங்கள் பெரியம்மா அதை இன்னும் தன் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். ஓய்வூதிய அலுவலகத்துக்கும் வங்கிக்கும் தானே எடுத்துப் போய், வேலை முடிந்ததும் தானே திரும்ப வாங்கி வந்து வைத்த தாள் அது.