காலம் அடக்கும் கதிர்வீச்சு: மருத்துவமனைகளின் அணுக்கழிவு மேலாண்மை

கதிரியக்கக் கழிவு என்றதும் பெரும்பாலோரின் நினைவுக்கு வருபவை அணுமின் நிலையங்களும், பல்லாயிரம் ஆண்டுகள் காவலில் வைக்க வேண்டிய எரிபொருள் மிச்சங்களுமே. ஆனால் அதே பெயர் கொண்ட மற்றொரு கழிவு, பெரிய மருத்துவமனைகளின் அணு மருத்துவத் துறைகளில் ஊசிக்குழல்களாகவும் கையுறைகளாகவும் பஞ்சாகவும் நோயாளிகளின் சிறுநீராகவும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டின் இயல்பு வேறு. மருத்துவமனைக் கழிவிலுள்ள கதிரியக்கத்தின் மிகப் பெரும்பகுதி சில மணி நேரத்திலோ சில மாதங்களிலோ தானாகவே அடங்கிவிடும் என்பதால், அந்தக் காலம் கழியும்வரை அதை எவ்வாறு பிரித்து, அடையாளமிட்டு, பூட்டி வைப்பது என்பதே இத்துறையின் முதன்மையான பணியாகிறது.

கழிவு எங்கிருந்து வருகிறது?

எக்ஸ்ரே படத்திலும் சி.டி. ஸ்கேனிலும் கதிர்கள் வெளியிலிருந்து உடலுக்குள் பாய்கின்றன. கருவியை நிறுத்தியதும் கதிர்வீச்சும் நின்றுவிடுவதால் அங்கே கதிரியக்கக் கழிவு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அணு மருத்துவத்திலோ கதிரியக்கம் கொண்ட மருந்தே ஊசி வழியாகவோ வாய் வழியாகவோ நோயாளியின் உடலுக்குள் செலுத்தப்படுகிறது. அது எலும்பு, இதயம், தைராய்டு போன்ற குறிப்பிட்ட உறுப்புகளில் சென்று சேர்ந்து, அங்கிருந்து வெளிவிடும் கதிர்களால் நோயைக் காட்டிக்கொடுக்கிறது அல்லது நோயுற்ற செல்களை அழிக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர் 1941இல் தைராய்டு மிகைச் சுரப்புக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தது இச்சிகிச்சை முறையின் தொடக்கங்களுள் ஒன்று. இந்தியாவில் மும்பையின் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963 முதல் இத்துறையில் இயங்கிவருகிறது.

இம்மருந்துகள் உலோக உறைக்குள் அடைக்கப்படாமல் திரவமாகவோ விழுங்கும் மாத்திரையாகவோ இருப்பதால் இவற்றைத் திறந்த மூலங்கள் என்பர். திறந்த மூலம் பட்ட பொருள் எதுவும் கழிவாகக்கூடும்: மருந்தை ஏற்றிய ஊசி, மிச்சம் தங்கிய குப்பி, மேசை விரிப்பு, நோயாளியின் படுக்கை விரிப்பு எனப் பட்டியல் நீளும். அயோடின் எளிதில் ஆவியாகக்கூடியது என்பதால், அதன் கரைசலைக் கையாளும்போது ஆவியை உறிஞ்சிக் கரி வடிகட்டி வழியாக வெளியேற்றும் புகைப்பெட்டியும் தேவைப்படுகிறது. சிறிது காலத்தில் அந்த வடிகட்டியும் கழிவுப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

அரை ஆயுட்காலம் என்னும் அளவுகோல்

ஒரு கதிரியக்கப் பொருளின் அணுக்களில் சரிபாதி சிதைவதற்கு ஆகும் நேரமே அரை ஆயுட்காலம். ஸ்கேன்களில் மிகுதியாகப் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்பதற்கு இது 6 மணி நேரம். பெட் ஸ்கேனில் பயன்படும் ஃபுளூரின்-18க்கு ஏறத்தாழ 110 நிமிடம். தைராய்டு சிகிச்சைக்குரிய அயோடின்-131க்கு 8 நாள். பத்து அரை ஆயுட்காலங்கள் கழிந்தால் தொடக்க அளவில் 1024இல் ஒரு பங்கே எஞ்சும். இக்கணக்கின்படி ஃபுளூரின் 18 மணி நேரத்திலும், டெக்னீசியம் இரண்டரை நாளிலும், அயோடின் 80 நாளிலும் அந்த நிலையை எட்டுகின்றன.

இந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ நடைமுறையில் வழி இல்லை. நோய்க்கிருமிகளைக் கொல்லும் வெப்பமும் வேதிப்பொருளும் அணுக்கருவைத் தொடுவதில்லை. எரித்தால் கதிரியக்கம் அழிவதற்கு மாறாகப் புகையிலும் சாம்பலிலும் பிரிந்து பரவும். ஆகவே குறுகிய ஆயுள் கொண்ட கழிவுக்குப் பாதுகாப்பாகத் தேக்கிவைத்துச் சிதையவிடுவதே உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையாக இருக்கிறது.

பத்து அரை ஆயுட்காலம் என்பது ஒரு வழிகாட்டு விதி மட்டுமே என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தைராய்டு புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவுகளுள் ஒன்றான 100 மில்லிகியூரி அயோடினில் நொடிக்கு 370 கோடி அணுக்கள் சிதைகின்றன; 80 நாள் கழித்தும் அதில் நொடிக்குச் சுமார் 36 லட்சம் சிதைவுகள் எஞ்சியிருக்கும். ஆகவே நாட்காட்டி சொல்வதை அளவுமானியும் உறுதிசெய்தால்தான் கழிவை வெளியே விட முடியும்.

பிரித்தலே பாதி வேலை

திடக்கழிவு மேலாண்மையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் பொருளைத் தொட்டியில் போடும் அந்த நொடியிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. டெக்னீசியம் கழிவுக்கான தொட்டியில் அயோடின் பட்ட ஒரு கையுறை விழுந்துவிட்டால், மூன்று நாளில் விடுவிக்கப்பட வேண்டிய மொத்தக் கழிவும் மூன்று மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இதனால் ஐசோடோப்பு வாரியாக, அல்லது நெருங்கிய ஆயுள் கொண்டவற்றைச் சேர்த்து, தனித்தனித் தொட்டிகள் வைக்கப்படுகின்றன. ஈயக் கவசம் கொண்ட அத்தொட்டிகளைக் காலால் மிதித்துத் திறக்கலாம். ஊசிகளுக்கெனத் துளைபடாத பெட்டிகள் தனியே உண்டு. பை நிறைந்ததும் அதைக் கட்டி, ஐசோடோப்பின் பெயர், மூடிய நாள், மதிப்பிட்ட கதிரியக்க அளவு, மேற்பரப்பில் அளந்த கதிர்வீச்சு ஆகியவற்றை எழுதி, பூட்டிய கிடங்கறையில் வைத்துப் பதிவேட்டில் ஏற்றுகின்றனர்.

உரிய காலம் முடிந்த பின், பையைக் கவசத்திலிருந்து வெளியே எடுத்து, வேறு கதிர்மூலங்கள் இல்லாத இடத்தில் வைத்து அளவுமானியால் சோதிக்கின்றனர். மண்ணிலும் காற்றிலும் விண்வெளியிலிருந்தும் எப்போதும் இருந்துகொண்டிருக்கும் பின்புலக் கதிர்வீச்சிலிருந்து பையின் அளவு வேறுபடவில்லை என்று உறுதியானால், அதன்மீதுள்ள கதிரியக்க எச்சரிக்கைச் சின்னத்தை முற்றிலும் அழித்துவிட்டு வெளியேற்றலாம். சின்னத்தை அழிக்காமல் விட்டால் குப்பைக் கிடங்கில் வீண் பீதி எழும். அதைவிட மோசமாக, அந்தச் சின்னத்தைப் பொருட்படுத்தாத பழக்கமும் தொழிலாளர்களிடையே உருவாகும்.

கதிரியக்கம் அடங்கிய பிறகும் இரத்தமும் கிருமியும் எஞ்சியிருப்பதால், கழிவின் பயணம் அத்துடன் முடிவதில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகள் கதிரியக்கக் கழிவுக்குப் பொருந்தா. அது அணுசக்திக்கான தனிச் சட்டத்தின் கீழ் வருவது. கதிரியக்கம் நீங்கியதாக அளவிட்டு உறுதிசெய்த பின்னரே அது மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற வழக்கமான மருத்துவக் கழிவுப் பிரிவுகளுக்குள் நுழைகிறது. ஒரே பொருள் முதலில் ஒரு சட்டத்துக்கும் பின்னர் மற்றொரு விதிக்கும் கட்டுப்படுவதால், எந்த நாளில் அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது என்பதற்குப் பதிவேடே சான்றாகிறது.

தொட்டிகளில் தேங்கும் சிறுநீர்

அளவிலும் சிக்கலிலும் பெரியது திரவக் கழிவு. தைராய்டு புற்றுநோய்க்கு விழுங்கிய அயோடினின் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களுக்குள் சிறுநீர் வழியாக வெளியேறிவிடுவதால், இந்தியாவில் 30 மில்லிகியூரிக்கு மேல் அயோடின் பெறுவோர் தனி அறையில் தங்கவைக்கப்படுகின்றனர். அவர்கள் பயன்படுத்தும் கழிவறைகளின் குழாய்கள் பொதுச் சாக்கடையில் சேராமல் தாமதத் தொட்டிகளுக்குச் செல்கின்றன. குறைந்தது இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் அதை அடைத்துச் சிதையவிட்டு, அடுத்ததில் நிரப்பத் தொடங்குவர். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது தொட்டியின் கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இறங்கியிருக்க வேண்டும். இங்கு ஒரு முரண்பாடும் உண்டு: சுகாதாரத்துக்காகத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் தொட்டி விரைவில் நிறைந்து காத்திருக்கும் காலம் சுருங்கும், மிகக் குறைவாக ஊற்றினால் கழிவறையிலேயே அயோடின் தங்கும். எத்தனை படுக்கைகள், எவ்வளவு நீர், எத்தனை நாள் என்ற கணக்கைக் கட்டடம் எழும்பும் முன்பே போட்டுவிட வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

இத்தொட்டிகள் தேவைதானா என்பதில் நாடுகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஜெர்மனி நோயாளிகளைக் குறைந்தது 48 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கழிவுநீரையும் தேக்குகிறது. அமெரிக்க விதிகளோ நோயாளியின் கழிவைச் சாக்கடை வரம்புகளிலிருந்து விலக்கியுள்ளன. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, சிறுநீரைத் தேக்கிவைப்பதால் கிடைக்கும் பயன் சிறிதே என்று கருதியது. எனினும் சாக்கடைப் பராமரிப்பில் மனிதர்கள் நேரடியாக ஈடுபடும் நிலை இன்னும் முற்றிலும் ஒழியாத இந்தியா போன்ற நாட்டில், தேக்கிவைக்கும் முறைக்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது.

காத்திருப்பு போதாத இடங்கள்

புதிய சிகிச்சைகள் இந்த எளிய கணக்கைச் சற்றே குழப்புகின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கும் பயன்படும் லுட்டீசியம்-177இன் அரை ஆயுட்காலம் சுமார் 6.6 நாள் மட்டுமே. ஆனால் அணு உலையில் லுட்டீசியம்-176ஐ நேரடியாக நியூட்ரான்களால் தாக்கி அதைத் தயாரிக்கும்போது, சுமார் 160 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட லுட்டீசியம்-177எம் என்னும் மாசும் சிறிதளவு உடன் உருவாகிறது. பத்து அரை ஆயுட்காலம் என்று பார்த்தால் அதற்கு நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். இட்டெர்பியம்-176இலிருந்து தயாரித்தால் இம்மாசு இருப்பதில்லை. தயாரிப்பு முறையின் தேர்வு, மருத்துவமனையின் கழிவுச் சுமையையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

கருவிகளைச் சரிபார்க்கப் பயன்படும் சீசியம்-137 போன்ற மூடிய மூலங்களுக்கு அரை ஆயுட்காலம் 30 ஆண்டு. இவற்றை மருத்துவமனையில் சிதையவிட இயலாது என்பதால், வழங்கியவரிடமோ அனுமதி பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்திடமோ ஒப்படைக்க வேண்டும். கணக்கில் வராத மூலம் என்ன செய்யும் என்பதைப் பிரேசிலின் கோயானியா நகரம் 1987இல் கண்டது. இடம் மாறிய ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் விட்டுச்சென்ற, அணு மருத்துவ மூலங்களைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள சீசியம் மூலம் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததில் நால்வர் இறந்தனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது.

விதியும் மனிதரும்

இந்தியாவில் 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இத்துறைகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கிறது. கதிரியக்கக் கழிவுக்கென 1987இலும், கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கென 2004இலும் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு அணு மருத்துவத் துறையிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பது கட்டாயம். ஆயினும் எந்தப் பை எந்தத் தொட்டிக்குப் போகிறது என்பதை அன்றாடம் தீர்மானிப்பவர்கள் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும்தான். குறைந்த ஊதியத்தில் அடிக்கடி மாறும் ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் பயிற்சி கிடைக்காவிட்டால் விலை உயர்ந்த ஈயத் தொட்டியும் பயன்தராது. இப்பயிற்சியை ஒருமுறை நடத்தி முடிக்கும் சடங்காகக் கருதாமல், ஆள் மாறும்போதெல்லாம் மருத்துவமனைகள் தொடர வேண்டும்.

நோயாளிகளுக்கும் இதில் பங்குண்டு. டெக்னீசியம் ஸ்கேன் செய்துகொண்டவர் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. அயோடின் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர், மருத்துவமனை குறிப்பிட்ட நாட்கள்வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருப்பது, உட்கார்ந்தே சிறுநீர் கழித்துக் கழிவறையில் இருமுறை தண்ணீர் விடுவது, தாங்கள் பயன்படுத்திய காகிதக் கைக்குட்டையையும் டயாபரையும் மருத்துவமனை சொன்ன முறையிலேயே அப்புறப்படுத்துவது ஆகியவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். அறிவுரை புரியாவிட்டால், வீடு திரும்பும் முன்பே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெளிவு பெறுவது ஒவ்வொரு நோயாளியின் உரிமை.