ஊருக்கு நல்லது செய்ய பணம் வேணுமா? சங்கம், குழுக்களுக்கு வழி இதோ!

பள்ளிப்பட்டு:
பிள்ளைகளுக்கு இலவச டியூசன் வைக்கணும், ஏரிக்கால்வாயை தூர் வாரணும்... ஆசை இருக்கு, காசு இல்லை. சேவை சங்கம் நடத்துவோர் முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது, நன்கொடை வேறு, கடன் வேறு.

திருப்பிக் கட்ட வேண்டாத பணம் கம்பெனிகளிடம் கிடைக்கும். 2013 கம்பெனி சட்டப்படி, ஆண்டுக்கு ரூ.5 கோடி லாபத்தை தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப்பணிக்கு செலவிட வேண்டும். கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை. கும்மிடிப்பூண்டி சிப்காட் இருப்பதும் நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான்.

சும்மா மனு கொடுத்தால் நடக்காது. சங்கம் அல்லது டிரஸ்ட் பதிவு, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி சான்று, 3 ஆண்டு சேவை அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவமும் கட்டாயம். ஆடிட்டர் மூலம் ஆன்லைனில் போட்டால் பதிவு எண் வரும்.

கிராமத்து மகளிர் குழுவுக்கு வங்கிக்கடன் உண்டு. தேசிய ஊரக வாழ்வாதார திட்டத்தில் ரூ.20 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்று 2021-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. குழு 6 மாதம் இயங்கியிருக்க வேண்டும். அது வங்கியில் கணக்கு தொடங்கிய நாளில் இருந்து அல்ல, குழு நோட்டில் உள்ள வரவு-செலவை வைத்துத்தான் பார்ப்பார்கள். கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு ஐந்தும் சரியாக இருக்கணும்.

இரண்டுக்கும் அடிப்படை கணக்கு நோட்டுதான். "பணம் வாங்கித் தர்றேன், முதல்ல கமிஷன் கொடு" என்று வரும் புரோக்கரிடம் ஏமாந்துடாதீங்க!