வானவழியைக் காக்கும் மின்னணுப் பொறியாளர்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் வளைத்து நிற்கும் நம் செஞ்சிக் கோட்டை, 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஒன்றின் பகுதியாக அங்கீகாரம் பெற்றபின், இவ்வூர்ப் பிள்ளைகளின் எதிர்காலம் சுற்றுலாவில்தான் இருக்கிறதென்று பெரியவர்கள் பேசுவது இயல்பே. எனினும், நெல்லும் மணிலாவும் விளைவித்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு எட்டக்கூடிய உன்னதமான உத்தியோகம் ஒன்று, அதிகம் அறியப்படாமலே கிடக்கிறது. விமானியாவதற்குப் பல பத்து லட்சம் ரூபாய் வேண்டும். விமானத்துக்கு வழிகாட்டும் சாதனங்களைக் காக்கும் பொறியாளராவதற்கு வேண்டியது படிப்பும் சிரத்தையுமே.

விமானியும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியும் சம்பாஷிக்கும் வி.எச்.எப். வானொலி, விமானம் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடார், தரையிறங்க உதவும் ஐ.எல்.எஸ். ஆகிய யாவும் இந்தப் பொறியாளரின் பொறுப்பு. ஐ.எல்.எஸ்.ஸின் அமைப்பு வியக்கத்தக்கது: 90, 150 ஹெர்ட்ஸ் என்னும் இரு அதிர்வுகள் விமானத்தில் சமமாக வந்து சேருமிடமே ஓடுபாதைக்கு நேரான மார்க்கம், ஒன்று மிகுந்தால் விமானியின் முன்னுள்ள முள் விலகிக் காட்டும். தரையிலுள்ள சாதனத்திலேயே அந்தச் சமநிலை பிசகுமானால், கண்காணிப்புக் கருவி அலைபரப்பைத் தானே நிறுத்திவிடும். காரணத்தைக் கண்டறிந்து சீர்செய்து, மீண்டும் உபயோகத்துக்கு உகந்ததென்று உறுதி சொல்பவர் இந்தப் பொறியாளரே. நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிர் அவருடைய சொல்லை நம்பியிருக்கிறது.

இந்தியாவில் இதற்கான பிரதான வாயில், 1995 ஏப்ரல் 1 அன்று உருவான இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் (எலெக்ட்ரானிக்ஸ்) பதவி. எலெக்ட்ரானிக்ஸ் அல்லது தொலைத்தொடர்புப் பொறியியலில் பட்டம் பெற்று, 27 வயதைக் கடக்காதவர்களை, கேட் என்னும் தேசியப் பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு தெரிவு செய்கிறார்கள்; சில பிரிவினருக்கு வயது வரம்பில் சலுகை உண்டு. 2025-இல் இப்பிரிவுக்கு மட்டும் 527 இடங்கள் அறிவிக்கப்பட்டன. தெரிவானவர்களைப் பயிற்றுவிக்கும் நிலையங்களுள் மூத்தது, 1948-இல் தோன்றிய அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) சிவில் விமானப் பயிற்சிக் கல்லூரி. அடிப்படைப் பாடம் முடிந்ததும் தனித்தனிச் சாதனத்தில் பயிற்சி. பின்னர் பணியிடத்தில் அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பழகித் தகுதியை நிரூபிக்க வேண்டும். ரேடாரில் தேர்ந்தவர் என்பதற்காக ஒருவரிடம் ஐ.எல்.எஸ்.ஸை ஒப்படைத்துவிடமாட்டார்கள். இந்தக் கண்டிப்பு மிக அவசியமென்பதே என் அபிப்பிராயம்.

டிப்ளமோ படித்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. இரண்டாண்டு அனுபவம் உள்ளவர்கள் சீனியர் அசிஸ்டென்ட் (எலெக்ட்ரானிக்ஸ்) பதவிக்கு விண்ணப்பிக்கலாம்; 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி ஓராண்டுத் தொழிற்பயிற்சியும் உண்டு. தொழிற்பயிற்சி வேலைக்கு உத்தரவாதமாகாது. ஆயினும் ஓடுபாதையருகே நின்று கற்ற கல்வியின் மதிப்பு வேறு. பி.எஸ்ஸி.யில் பௌதிகமும் கணிதமும் பயின்றவர்கள் கட்டுப்பாட்டு அதிகாரி பதவிக்கு முயலலாம். அது வேறு தேர்வு, வேறு தொழில்.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் நம் அருகிலேயே இருக்கின்றன. கேட் தேர்வைப் பொறியியல் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அதன் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். ஆகவே, பிளஸ் டூ ஆசிரியர்களே, கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவ மாணவியரிடம் இந்த உத்தியோகத்தை இன்றே எடுத்துரையுங்கள். பெற்றோர்களே, விமான நிலைய வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகர் எவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.