திடீர் திடீரென ரீஸ்டார்ட் ஆகும் பழைய கம்ப்யூட்டர்: கோளாறைப் பிடிப்பது எப்படி?

பழைய வேன் அல்லது கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். மேடு பள்ளத்தில் போகும்போது ஹெட்லைட் அணைந்து அணைந்து எரியும். மெக்கானிக்கிடம் கொண்டு போய் நிறுத்தினால் பளிச்சென்று எரியும். "ஒண்ணும் இல்லையே சார்" என்று அனுப்பி விடுவார். வீடு திரும்பும் வழியில் மறுபடியும் அணையும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டரும் சில சமயம் இப்படித்தான் நடந்து கொள்ளும். ஒரேயடியாகப் பழுதானால் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் கோளாறுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்து கொடுக்கிறார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கேள்வித்தாள், விண்ணப்பம் என்று பென் டிரைவில் கொண்டு வருவார்கள். 7,500 ரூபாய் கொடுத்து அவர் வாங்கிய பழைய டெஸ்க்டாப் இரண்டாவது மாதமே தகராறு செய்ய ஆரம்பித்தது. டைப் செய்து கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். சேமிக்காத பக்கங்கள் போய்விடும். சில நாள் மூன்று முறை, சில நாள் ஒரு முறைகூட இல்லை. கடையில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து "நன்றாகத்தானே ஓடுகிறது" என்றார்கள். இரண்டாவது முறை கொண்டு போனபோது "மதர்போர்டு போயிருக்கும், 4,500 ஆகும்" என்றார்கள். "தம்பி, மாத்தியும் சரியாகலன்னா என்ன செய்யிறது?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

இப்படிப்பட்ட நிலையில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பேக்கப். எழுதும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ஃபைல்களும் ஹார்ட் டிஸ்க்கும் கெட வாய்ப்புண்டு. முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி செய்து வைத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

அடுத்து, இது சாஃப்ட்வேர் கோளாறா, மின்சாரக் கோளாறா என்று பிரிக்க வேண்டும். விண்டோஸில் பெரிய பிழை ஏற்பட்டால் நீலத் திரை வரும். ஆனால் உடனே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைத்திருப்பதால் பல சமயம் அது நம் கண்ணில் படாது. ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் செட்டிங்ஸை கிளிக் செய்யுங்கள். அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும். அதில் உள்ளதைக் குறித்துக் கொள்ளலாம். அக்காவின் கம்ப்யூட்டரில் டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரை வரவில்லை. நேராக இருண்டு ரீஸ்டார்ட் ஆனது. 'ஈவென்ட் வியூவர்' திறந்து 'விண்டோஸ் லாக்ஸ்', அதில் 'சிஸ்டம்' பார்த்தோம். 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு வரிசையாக இருந்தது. இதைப் பார்த்துப் பலர் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அப்படி அல்ல. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. ஆனால் தேதியையும் நேரத்தையும் சொல்லும். நமக்கு அது போதும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் நேரம், அந்த நிமிடம் என்ன செய்து கொண்டிருந்தார், வீட்டில் மிக்ஸி, மோட்டார், ஃபிரிட்ஜ் ஓடியதா என்பதை எழுத வேண்டும்.

நோட்டுப் புத்தகம் நிறையும்வரை நான் சும்மா இருக்கவில்லை. என்னிடம் இருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. "பவர் சப்ளைதான்கா, மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடியும் ரீஸ்டார்ட் ஆகி என் மானத்தை வாங்கியது. விட்டு விட்டு வரும் கோளாறில் இதுதான் பெரிய பொறி. சராசரியாக ஒரு நாளுக்கு ஒரு முறை வரும் கோளாறு தற்செயலாகவே ஒரு நாள், இரண்டு நாள் வராமல் இருக்கலாம். வழக்கமான இடைவெளியைப் போல் மூன்று மடங்காவது காத்திருந்தால்தான் சரியாகிவிட்டது என்று ஓரளவு நம்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களையும் மாற்றாதீர்கள். எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

பத்து நாளில் நோட்டில் எட்டு பதிவுகள். அதில் ஆறு, பென் டிரைவைச் செருகும்போதோ எடுக்கும்போதோ நடந்தவை. ஏழாவது, மேஜைக்கடியில் பெருக்கும்போது விளக்குமாறு கேபினெட்டில் இடித்த நேரம். எட்டாவதுக்கு அக்காவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பென் டிரைவில் வைரஸ் என்றுதான் அதுவரை வீட்டில் பேசிக் கொண்டிருந்தார்கள். ஆனால் விளக்குமாறு எந்த வைரஸையும் கொண்டு வராது! பென் டிரைவ் செருகும்போதும், இடிக்கும்போதும் பொதுவாக நடப்பது ஒன்றுதான்: கேபினெட்டின் முன்பக்கம் அசைகிறது. கடையில் ஏன் கோளாறு வரவில்லை என்பதும் புரிந்தது. அங்கே யாரும் முன்பக்க யுஎஸ்பியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினோம். முன்பக்க யுஎஸ்பி போர்ட்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயர் ஒரு தகட்டு ஓட்டையின் வழியாக வருகிறது. அந்த ஓட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி கூர்மை. ஒயரின் மேலுறை தேய்ந்து, சிவப்பு ஒயரில் செம்பு தெரிந்தது. பழைய வேனிலும் இதே கதைதான். தகட்டு ஓட்டையில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து விழுந்துவிட்டால் ஒயர் பாடியில் உரசி, குலுங்கும்போது மட்டும் ஷார்ட் ஆகும்.

இதனால் ஏன் முழு கம்ப்யூட்டரும் ரீஸ்டார்ட் ஆக வேண்டும்? அந்தச் சிவப்பு ஒயரில் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது. கேபினெட்டின் தகடு பவர் சப்ளையின் பூஜ்ய வோல்ட்டுடன் இணைந்தது. இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒரு கணம் 5 வோல்ட் சரியும். எஸ்.எம்.பி.எஸ். எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்பதைத் தெரிவிக்க மதர்போர்டுக்கு 'பவர் குட்' என்ற சிக்னலை அனுப்பிக் கொண்டே இருக்கும். அது ஒரு கணம் நின்றாலும் மதர்போர்டு உடனே ரீசெட் ஆகிவிடும். 3.3, 5, 12 வோல்ட் ஆகிய மூன்றும் 5 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். மல்டிமீட்டரில் பார்த்தால் இது பிடிபடாது. மீட்டர் நொடிக்குச் சில முறைதான் அளவைக் காட்டும். சரிவோ சில மில்லி செகண்டில் முடிந்துவிடும். மீட்டரில் சரியாக இருக்கிறது என்பதால் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது.

உடனே டேப் சுற்றிவிடவில்லை. முதலில் மதர்போர்டில் அந்த ஒயரின் கனெக்டரை மட்டும் கழற்றி வைத்து, பின்பக்க யுஎஸ்பியில் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டிக் கொடுத்தேன். பத்து நாள் ஓட்டம். ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை. எட்டாவது பதிவுக்கும் இதுதான் காரணம் என்று அதன் பிறகுதான் நம்பினேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் காரணம் வேறாக இருக்கலாம். நோட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். கேம் விளையாடும்போதோ, நீண்ட நேரம் ஓடிய பின்போ மட்டும் வந்தால் சூடு. ஃபேனில் தூசியும், பிராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டும் காரணமாக இருக்கும். மோட்டார் போடும்போது வந்தால் வீட்டு லைனில் வோல்டேஜ் சரிகிறது, அல்லது பிளக் பாயின்ட் லூசாகிவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் மேற்புறம் உப்பிக் கெட்டன. பழைய போர்டானால் டார்ச் அடித்துப் பாருங்கள். ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளை மெதுவாகத் துடைத்து மறுபடி மாட்டினாலே சரியான கம்ப்யூட்டர்களும் உண்டு. கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். இதை நீங்கள் பார்க்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கம்ப்யூட்டர் ஓடும்போது ஒயர்களை லேசாக அசைத்துப் பார்ப்பவர்கள் ஐஸ்கிரீம் குச்சி அல்லது பிளாஸ்டிக் ஸ்கேலைப் பயன்படுத்துங்கள். பென்சில் வேண்டாம், அதன் கருப்பு முனையில் மின்சாரம் பாயும். வளையல், மோதிரத்தைக் கழற்றி விடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தட்டாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

அக்காவின் கம்ப்யூட்டரில் முன்பக்க ஒயரை இன்னும் மாட்டவில்லை. புது ஒயர் வாங்கித் தருகிறேன் என்றேன். "எக்ஸ்டென்ஷனே போதும் தம்பி, குனிய வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டார்.